லாரித் திரை இழுக்க வரவில்லை என்றால்

போன ஜனவரியில் ஒரு விடிகாலை. இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு கிடங்கின் முற்றம். எனக்கு முன்னால் நின்ற ட்ரெய்லரில் நம்மூர்ப் பையன் ஒருவன் பக்கத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். திரையின் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, கயிறு இழுக்கும் போட்டியில் நிற்பவன் போலப் பின்னால் சாய்ந்து இழுக்கிறான். நாலடி வந்தது. அதோடு நின்றுவிட்டது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, ஆயில் ஸ்ப்ரே ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

வைத்திருந்தேன். ஆனால் கொடுக்கவில்லை. "மொதல்ல எங்க மாட்டுதுன்னு பாரு தம்பி" என்றேன். குளிரில் விறைத்த கையோடு நிற்பவனிடம் இப்படிச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அவனுக்கும் வந்தது. இருந்தாலும் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அதைத்தான். இறுகிப்போன லாரித் திரைகளில் பெரும்பாலானவை எண்ணெய் வற்றியதால் இறுகியவை அல்ல. அழுக்கு அடைத்ததாலோ, ரெயில் நெளிந்ததாலோ இறுகியவை. அதைப் பார்க்காமல் மேலே எண்ணெயைப் பீய்ச்சினால் ஒரு வாரம் நகரும். அடுத்த வாரம் முன்னைவிட மோசமாக மாட்டும்.

பக்கத் திரை லாரி என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி என்றால் பக்கப் பலகை, மேலே தார்ப்பாய், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அப்படித்தான். தட்டையான லாரியில் சரக்கை ஏற்றி, தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். மழையில் நின்று அதை அவிழ்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். செஷயர் மாவட்டத்துக் காங்கிள்டன் ஊரில் இருந்த போஅலாய் என்ற நிறுவனத்தில் ஜெரால்ட் பிராட்பென்ட் என்பவர் 1969-இல் இதற்கு ஒரு வழி கண்டார். நிலையான கூரை, முன்னும் பின்னும் நிலையான அடைப்பு, இரண்டு பக்கமும் வீட்டு ஜன்னல் திரை மாதிரி இழுத்து ஒதுக்கும் கனத்த திரை. 'டாட்லைனர்' என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் இந்த வகை ட்ரெய்லரை யார் செய்திருந்தாலும் டாட்லைனர்தான், நாம் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பது போல.

திரையை ஒதுக்கிவிட்டால் 13.6 மீட்டர் நீளமும் திறந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் வந்து, எந்த பேலட் வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வசதிக்காகத்தான் ஐரோப்பியச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் இந்த லாரி.

திரையின் துணி சாதாரணத் துணி அல்ல. பாலியஸ்டர் நெசவின் இரு பக்கமும் பிவிசி பூசியது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம் எடை. நீளம் 13.6 மீட்டர், உயரம் 2.7 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் துணி மட்டுமே 33 கிலோ. அதில் தைத்த பட்டைகள், பக்கிள்கள் தனி. இவ்வளவும் மேலே ஒரு ரெயிலுக்குள் ஓடும் சின்னச் சின்ன உருளைகளில் தொங்குகிறது. ஒரு பக்கத்துக்கு இருபதுக்கு மேல் உருளைகள். உருளையில் இரண்டு அல்லது நான்கு சக்கரம். சக்கரம் நைலானாக இருக்கும், இல்லையென்றால் எஃகு. ரெயிலின் வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கும், அதன் வழியாகத்தான் உருளையின் கால் இறங்கித் திரையைப் பிடித்திருக்கிறது. திரையின் முன், பின் விளிம்புகளில் செங்குத்தாக ஒரு கம்பம். பின் கம்பத்தை ராட்செட் வைத்துச் சுற்றினால் முழுத் திரையும் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகும். கீழே வரிசையாகப் பட்டைகள், அவற்றை இறுக்கப் பக்கிள்கள்.

உருளைகள் உருண்டால் 33 கிலோ ஒரு கனமே இல்லை. ஒரு கையால் இழுத்துக்கொண்டு நடக்கலாம். அவை உருளாமல் தேய்ந்து சறுக்க ஆரம்பிக்கும்போதுதான் தோள்பட்டை போகிறது. இந்தத் தொழிலில் தோள்வலி இல்லாத பழைய ஓட்டுநரை நான் பார்த்ததில்லை.

எங்கே மாட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன் அல்லவா, அது இப்படி. முதலில் ராட்செட்டைத் தளர்த்தி, பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி, கம்பத்தை அதன் குழியிலிருந்து தூக்கி எடுத்தாயிற்றா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். ஏதோ ஒரு பட்டையின் கொக்கி அடிச்சட்டத்தில் மாட்டியபடி இருக்க, அதோடு கால் மணி நேரம் போராடியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

அடுத்து, திரையை மெதுவாக, மடிப்பு மடிப்பாக இழுத்துக்கொண்டு மேலே பாருங்கள். கீழே அல்ல, மேலே. முதல் உருளை ஓரிடத்தில் தட்டுகிறது, தாண்டுகிறது; இரண்டாவது உருளையும் அதே இடத்தில் தட்டுகிறது என்றால் கோளாறு ரெயிலில். எந்த இடத்தில் இழுத்தாலும் ஏதோ ஒரு உருளை மட்டும் பின்தங்கி, அதன் இரு பக்கத் துணியும் கோணலாக இழுபடுகிறது என்றால் கோளாறு அந்த உருளையில். ஓர் இடம் என்றில்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனம் என்றால் அழுக்கு, அல்லது உண்மையிலேயே எண்ணெய்ப்பசை இல்லாத வறட்சி. காலையில் கனத்து மதியம் இலகுவாகிவிடுகிறது என்றால் குளிர்.

இந்த நான்கில் ஆயில் ஸ்ப்ரேவுக்கு வேலை இருப்பது மூன்றாவதில் மட்டும்தான். அதிலும் கழுவிய பிறகு.

ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதில் கை வைக்கவே கூடாது. உள்ளே சரக்கு சரிந்து திரைமேல் சாய்ந்திருந்தால் திரை வெளியே தள்ளப்பட்டு, உருளைகள் பக்கவாட்டில் முறுகி ரெயிலில் பிடித்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி நின்று ட்ரெய்லரின் நீளவாட்டில் ஒரு கண் ஓட்டினால் துணி புடைத்திருப்பது தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். சாதாரணப் பக்கத் திரை மழைக்கும் காற்றுக்கும் மறைப்பே தவிர, சரக்கைத் தாங்கும் சுவர் அல்ல. இஎன் 12642 எக்ஸ்எல் என்ற ஐரோப்பியத் தரத்துக்கு வலுப்படுத்திச் செய்த உடல்கட்டு வேறு கதை. ஆனால் எந்த வகையானாலும், சரக்கு சாய்ந்த திரையைத் தளர்த்திய கணமே பேலட் தலைமேல் வரலாம். இறுக்கம் அங்கே நமக்குச் செய்யும் எச்சரிக்கை.

அழுக்கு எப்படி ரெயிலுக்குள் போகிறது? வாய் கீழ்நோக்கித்தானே இருக்கிறது என்று தோன்றும். மழையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் லாரியைப் பின்னாலிருந்து பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் வராது. சக்கரம் கிளப்பும் நீர்த்தூள் ட்ரெய்லரின் உயரத்துக்கு எழுந்து, சந்து பொந்தெல்லாம் நுழைகிறது. அந்த நீரில் சாலைத்தூசி, பிரேக் தூள், குளிர்காலத்தில் உப்பு. பனி உறையாமல் இருக்க இங்கே சாலைகளில் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு உருளையின் எஃகுத் தாங்கியைத் (பேரிங்) துருப்பிடிக்கவைக்கும். அலுமினிய ரெயிலில் வெள்ளை மாவு மாதிரி ஒரு படிவத்தை உண்டாக்கும். விரலை உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தால், ஈர மணலும் கரியும் கலந்த ஒரு களிம்பு விரலில் வரும். அதை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். உப்புத்தாள் மாதிரி நறநறக்கும். உங்கள் உருளைகள் ஓடிக்கொண்டிருப்பது அதன் மேல்தான்.

இதன் மேல் கிரீஸ் பூசினால் என்ன ஆகும் என்பதை லாரியே பார்க்காதவர்களும் அறிவார்கள். நம் தெருவில் மடக்கு இரும்பு கேட் வைத்த வீடு ஒன்றாவது இருக்கும். கீழே தரையில் பதித்த ரெயிலில் மண் அடைத்து கேட் இறுகும். வீட்டுக்காரர் பைக்கிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவார். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு தெரு மண்ணெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, கறுப்பு அல்வா மாதிரி உறைந்து, தீபாவளிக்கு விருந்தாளி வரும் நாளில் கேட் அசையாது. திரை ரெயிலில் கிரீஸ் பூசுவதும் இதேதான், ஆளுயரத்துக்கு மேலே நடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் கழுவுதல். இரண்டு திரைகளையும் முழுக்கத் திறந்து, சரக்கு இல்லாத ட்ரெய்லரில், பிரஷர் வாஷரால் ரெயிலின் வாய்க்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தண்ணீர் அடியுங்கள். வெந்நீர் வரும் இயந்திரமாக இருந்தால் பழைய கிரீஸும் கழன்றுவரும். கறுப்புத் தண்ணீர் வழிவது நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு ஜாக்கிரதை: நாசிலை உருளைத் தாங்கிக்கு நேராக, ஒட்டி வைத்து அடிக்காதீர்கள். உள்ளே ஆலையில் வைத்த மசகு கழுவிப்போய் அதன் இடத்தில் தண்ணீர் உட்காரும். திரை ஒதுங்கியிருக்கும் மூலையில் தண்ணீர் படாது. எனவே பாதியில் திரையை மறுகோடிக்குத் தள்ளிவிட்டு அந்த மூலையையும் அடிக்க வேண்டும். நிறைய பேர் விட்டுவிடும் இடம் இதுதான்.

பிறகு காய விட வேண்டும். அவசரம் என்றால் கம்ப்ரசர் காற்று. ஈரத்தின் மேல் போட்ட மசகு நிற்காது.

இப்போது ஸ்ப்ரே. ரெயிலுக்கு ஏற்றவை இரண்டு வகை. ஒன்று சிலிக்கான் ஸ்ப்ரே. மெல்லிய படலமாகப் படியும், குளிரில் இறுகாது, நைலானையோ ரப்பரையோ கெடுக்காது. இன்னொன்று பிடிஎஃப்இ கலந்த உலர் மசகு. ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே பொருள்தான். 1938-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போனதும் வழுவழுப்பான உலர்ந்த படலம் மட்டும் ரெயிலில் தங்கும். உலர்ந்திருப்பதால் தூசி ஒட்டுவது குறைவு. என் ஓட்டு இரண்டாவதற்கு. விலை கூடுதல்தான்.

எவ்வளவு அடிப்பது? நம் ஆட்களுக்கு இதில் கை தாராளம். ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை ரெயில் வாய்க்குள் விட்டு, உருளை ஓடும் தடத்தில் மீட்டருக்கு ஒரு சின்னப் பீய்ச்சல் போதும். பிறகு திரையை மூன்று நான்கு முறை கோடிக்குக் கோடி இழுத்தால் உருளைகளே அதைப் பரப்பிவிடும். கீழே சொட்டுவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்த ரெயிலுக்கு நேர் கீழே நாளைக்கு யாரோ ஒருவருடைய அட்டைப்பெட்டி வரும். எண்ணெய்க் கறை பட்ட பெட்டியைப் பல கிடங்குகள் ஏற்காமல் திருப்பி அனுப்பும். உணவுச் சரக்கு ஏற்றுபவர்கள் உணவுத் தர மசகையே வாங்க வேண்டும். டப்பாவில் எச்1 என்ற குறி இருக்கும்.

சிலிக்கானில் ஒரு சங்கடம் உண்டு. அது திரைத்துணியில் பட்டால் அந்த இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. திரை கிழிந்தால் பிவிசி ஒட்டுத்துண்டு வைத்துப் பசையாலோ சூடான காற்றாலோ ஒட்டுகிறோம். சிலிக்கான் பட்ட துணியில் அந்த ஒட்டு இரண்டு நாளில் உரிந்து தொங்கும். ஆகவே குழல் இல்லாமல் தூரத்திலிருந்து பூச்சிமருந்து அடிப்பது போல அடிக்காதீர்கள்.

எல்லோர் வண்டியிலும் கிடக்கும் அந்த நீல மஞ்சள் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் தோல் துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விலக்கும் திரவம் ஒன்று தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்தது, அதனால்தான் பெயரில் அந்த 40. ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் அருமையான சரக்கு. இறுகிய பக்கிளை அவிழ்க்க நானும் அதைத்தான் தேடுவேன். ஆனால் அந்தப் பழைய டப்பாவிலுள்ள திரவம் நீடித்து நிற்கும் மசகு இல்லை. பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பிடித்ததை விடுவிக்க அது. விடுவித்ததை ஓடவைக்க வேறு.

டீசலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். திரைத்துணியில் அது வளைவது, நெகிழ்வுக்காகச் சேர்த்த திரவம் ஒன்று உள்ளே இருப்பதால். பெட்ரோலிய எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் திரவம் வெளியே இழுக்கப்பட்டு, துணி அட்டை மாதிரி விறைத்து, மடிப்பில் வெடிக்கும். உருளையை இலகுவாக்கப் போய்த் திரையையே விறைக்கவைத்த கதையாகிவிடும். வெயிலும் வருடக்கணக்கில் இதே வேலையைச் செய்கிறது. பழந்திரை ஒன்று மடங்க மறுத்தால் அதற்கு எந்த ஸ்ப்ரேயும் மருந்தில்லை.

கீழ்ப்பகுதிக்கு வேறு நியாயம். ராட்செட்டின் பற்சக்கரத்தில் கொஞ்சம் மெல்லிய கிரீஸ் வைக்கலாம், அங்கே ஓட்டம் குறைவு, பளு அதிகம். ஆனால் பல்லைப் பிடிக்கும் அந்தச் சின்ன நாக்கில் கெட்டிக் கிரீஸ் அப்பாதீர்கள். குளிரில் அது இறுகி, நாக்கு சட்டென்று பல்லில் விழாமல் பாதியில் நிற்கும். கம்பம் விறைப்போடு எதிர்த்திசையில் சுழன்று கைப்பிடி மணிக்கட்டைப் பதம் பார்க்கும். நாக்குக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. பக்கிளுக்கும் அதேதான், கீல் முனையில் ஒரு சொட்டு. பட்டையில் படக் கூடாது. பக்கிள் பட்டையைப் பிடித்திருப்பதே உராய்வால்தான், எண்ணெய் பட்டால் ஓடும்போது வழுக்கித் தளரும்.

குளிர்காலக் காலைகளில் நடப்பது பாதி பனிக்கட்டியின் வேலை. ரெயிலில் தங்கிய தண்ணீர் இரவில் உறைந்து உருளையைக் கவ்விக்கொள்ளும். துணியும் குளிரில் கெட்டிப்படும். அப்போது வெறியோடு இழுத்தால் உருளையின் கால் வளையும், அல்லது துணியில் அது பிடித்திருக்கும் இடம் கிழியும். பனிநீக்கி ஸ்ப்ரேயை ரெயிலில் அடித்து ஐந்து நிமிடம் காத்திருப்பது மேல். ஈரத்திரையை மடித்து ஒதுக்கியபடி இரவில் விடாமல், மூடி விறைப்பாக்கி நிறுத்துவது அதைவிட மேல். காலி ட்ரெய்லரோடு புயற்காற்றில் போகும்போது மட்டும் நேர்மாறாக, இரு திரைகளையும் ஒதுக்கிக் கட்டிவிட்டுக் காற்றுக்கு வழிவிடுபவர்கள் உண்டு.

இழுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. நாம் இயல்பாகப் பிடிப்பது திரையின் கீழ் விளிம்பை. கீழே இழுத்தால் மேல்பாகம் பின்தங்கும், உருளை ரெயிலுக்குள் சாய்ந்து நிற்கும், சாய்ந்த உருளை உருளாது. கை எட்டும் உயரத்தில் பிடித்து, இரண்டு மடிப்பை மட்டும் சேர்த்து, கையால் இழுக்காமல் உடம்போடு சேர்ந்து நடந்தால் பாதிக் கனம் குறையும். மாட்டினால் குலுக்காமல் ஓரடி பின்னே தள்ளி மறுபடி இழுக்க வேண்டும். காற்று வீசும் நாளில் திறந்த திரை கப்பலின் பாய் ஆகிவிடும். பக்கிள்கள் முகத்துக்கு நேரே பறக்கும். ஸ்ப்ரே அடிக்கச் சக்கரத்தின் மேலோ பலகை விளிம்பிலோ ஏறி நிற்காமல் ஏணி வையுங்கள்.

உருளை ஒன்று செத்துப்போயிருந்தால் அதை எண்ணெயால் எழுப்ப முயல வேண்டாம். ரெயிலின் கோடியில் இருக்கும் தடுப்பைக் கழற்றி, பழையதைத் திரையிலிருந்து பிரித்து வெளியே தள்ளி, புதியதை உள்ளே விட்டு, திருகாணியோ ரிவெட்டோ அடித்தால் முடிந்தது.

அந்தப் பையனின் ட்ரெய்லருக்கு வருகிறேன். நான் விளக்கடித்துப் பார்த்தேன். மூன்று உருளைகள் அடுத்தடுத்து ஒரே இடத்தில் தட்டின. அந்த இடத்தில் ரெயிலின் கீழ் உதடு உள்பக்கமாக ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நெளிந்திருந்தது; பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் தீற்றல். ஏதோ ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்டின் கம்பம் உரசியிருக்கிறது, உரசியவர் யாரிடமும் சொல்லவில்லை. நெளிவைச் சுற்றி முந்தைய ஓட்டுநர்கள் அடித்த எண்ணெய் கறுப்பாக வழிந்து காய்ந்திருந்தது, குறைந்தது மூன்று அடுக்கு.

"இதுக்கு டப்பா டப்பாவா அடிச்சாலும் வராதுல்ல?" என்றான்.

வராது. போனில் படம் எடுத்து, பழுதுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். மறுபக்கத் திரை நன்றாக ஓடியது. ஃபோர்க்லிஃப்ட்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, 26 பேலட்டையும் அந்தப் பக்கமாகவே இறக்கினார்.